கைதட்டலும் பக்கத்து இருக்கையும்: இல்லினாய் ஜக்கெட் என்னும் சாக்ஸபோன் கலைஞர்



நினைவுச் சொற்பொழிவில் மறைந்தவரின் புகழைப் பாடுவது ஒரு வழக்கம். அவர் நம்மிடம் விட்டுச்சென்ற கேள்விகளில் ஒன்றை எடுத்து யோசிப்பது இன்னொரு வழக்கம். நான் இரண்டாவதைச் செய்ய விரும்புகிறேன். நம்முடைய கூட்டங்களில் எப்போதும் எழுகிற கேள்விதான் அது. ஒடுக்கப்பட்டவரின் கலையை மெய்மறந்து கைதட்டி ரசிக்கிறவர், அந்தக் கலைஞரின் தாயையோ தம்பியையோ தன் பக்கத்து இருக்கையில் உட்கார விடுவாரா? மேடையில் கிடைக்கும் மரியாதை, மேடையை விட்டு இறங்கிய பிறகும் கூட வருமா?

இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டிய ஒரு மனிதரைப் பற்றிப் பேசப் போகிறேன். அவர் பெயர் இல்லினாய் ஜக்கெட். அமெரிக்கக் கறுப்பினத்தவர். ப்ளூஸிலும் ஜாஸிலும் டெனர் சாக்ஸபோனின் குரலையே மாற்றியவர்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு நமக்கு அந்நியமானது அல்ல. மகாத்மா புலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். பாபாசாகேப் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். 1946இல் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸுக்கு அவர் எழுதிய கடிதமும் அதற்கு வந்த பதிலும் இன்று நமக்குப் படிக்கக் கிடைக்கின்றன. 1972இல் பம்பாயில் உருவான தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே அங்கிருந்த கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய அரசியலை நாம் ஓரளவு படித்திருக்கிறோம். அந்த அரசியல் மேடையிலும் ஒத்திகைக் கூடத்திலும் டிக்கெட் கவுண்டரிலும் எப்படி நடந்தது என்பதை அவ்வளவாகப் பார்த்ததில்லை. இந்த உரை அதற்கான ஒரு சிறு முயற்சி.

1. ஹூஸ்டன் பையன்

ஜக்கெட் பிறந்தது லூசியானா மாநிலத்தின் புரூசார்ட் என்னும் சிற்றூரில். முதல் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் டெக்சாஸின் ஹூஸ்டன் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. உடன்பிறந்தவர்களோடு சேர்த்து வீட்டில் ஆறு பிள்ளைகள். அப்பா பகுதி நேரமாக இசைக்குழு நடத்தியவர். அண்ணன் ரஸ்ஸல் டிரம்பட் ஊதுவார், இன்னொரு சகோதரர் லின்டன் டிரம்ஸ் வாசிப்பார். சின்னவர் அப்பாவின் குழுவில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்து வளர்ந்தார்.

அன்றைய ஹூஸ்டன் எப்படி இருந்தது? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல் ஒரு தீர்ப்புச் சொன்னது: வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து வைக்கலாம், வசதிகள் சமமாக இருந்தால் போதும். பிரிப்பது மட்டும் கண்டிப்பாக நடந்தது, சமம் ஒருநாளும் வரவில்லை. ‘ஜிம் க்ரோ’ என்று அழைக்கப்பட்ட இந்த ஏற்பாட்டில் பள்ளிக்கூடம் தனி, ரயில் பெட்டி தனி, குடிநீர்க் குழாய் தனி, கழிப்பறை தனி. ஊரும் சேரியும் தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்த ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று இருந்த பிலிஸ் வீட்லி பள்ளியில் ஜக்கெட் படித்தார். இலக்கிய மன்றம் என்பதால் அந்தப் பெயருக்கு உரியவரைப் பற்றி இரண்டு வரி. பிலிஸ் வீட்லி மேற்கு ஆப்பிரிக்காவில் பிடிக்கப்பட்டு 1761இல் பாஸ்டனில் விற்கப்பட்ட சிறுமி. 1773இல் அவருடைய கவிதை நூல் லண்டனில் அச்சாகியது. அடிமையாக விற்கப்பட்ட ஒரு பெண் கவிஞரின் பெயரைத் தாங்கிய பள்ளிக்கூடத்திலிருந்துதான் இந்தக் கலைஞர் வந்தார்.

பதினைந்து வயதில் மில்டன் லார்க்கின் நடத்திய நடன இசைக்குழுவில் சேர்ந்தார். ஆர்னெட் காப், எட்டி வின்சன் போன்ற டெக்சாஸ் சாக்ஸபோன் கலைஞர்கள் உருவான பட்டறை அது. பிற்காலத்தில் ‘டெக்சாஸ் டெனர்’ என்று பெயர் பெற்ற அகன்ற, கரகரத்த, நெஞ்சிலிருந்து எழும் ஓசை அங்கேதான் வளர்ந்தது.

2. ஓசையின் அரசியல்

சாக்ஸபோன் பெல்ஜிய நாட்டவரான அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற கருவி. ராணுவ பேண்டுகளில் புழங்கியது. உடல் பித்தளை என்றாலும், ஒலி பிறப்பது வாய்ப்பகுதியில் கட்டிய நாணல் தகட்டில். நாகசுரச் சீவாளியில் இரண்டு தகடுகள் சேர்ந்து அதிரும். சாக்ஸபோனுக்கு ஒரே தகடு. உதட்டின் அழுத்தமும் மூச்சின் வேகமும் தொண்டையின் நிலையும் மாறினால் ஓசையின் குணமே மாறிவிடும். அதனால் மனிதக் குரலுக்கு மிக அருகில் வரக்கூடிய கருவிகளில் இதுவும் ஒன்று.

ப்ளூஸ் கறுப்பின உழைப்பாளிகளின் பாட்டு. அதன் எலும்புக்கூடு எளிமையானது. பன்னிரண்டு தாளக் கட்டுகள், மூன்று வரிகள். முதல் வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல்வார்கள். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் விடும் இடைவெளியில் கருவி பதில் கொடுக்கும். சில சுரங்களை நேராகப் பிடிக்காமல் வளைத்து, தாழ்த்தி, நடுங்கவிட்டுப் பாடுவார்கள். வயலில் ஒருவர் கூவ மற்றவர்கள் எதிர்க்குரல் கொடுத்த பழக்கமும், தேவாலயத்தில் போதகர் சொல்லச் சபை பதில் முழங்கிய பழக்கமும் அதற்குள் இருக்கின்றன.

ஜக்கெட் இந்தக் குரலைச் சாக்ஸபோனுக்குள் கொண்டுவந்தார். ஒரே கீழ்ச்சுரத்தை மறுபடி மறுபடி முரட்டுத்தனமாக அடித்து ஊதுவார். பிறகு நாணல் தகட்டைப் பல்லால் கடித்து, கருவியின் வழக்கமான எல்லைக்கும் மேலே போய் வீறிடுவார். நடுவில் திடீரென்று ஓசையைத் தணித்து யாரோ காதில் பேசுவது போல வாசிப்பார். கூட்டத்தைக் கூப்பிட்டுப் பதில் வாங்கும் போதகரின் உத்திதான் இது.

3. ‘ஃபிளையிங் ஹோம்’

1939இல் ஜக்கெட் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். அங்கே பியானோ கலைஞர் நாட் கிங் கோல் அவரை லயனல் ஹாம்ப்டனுக்கு அறிமுகப்படுத்தினார். புதிதாகப் பெரிய இசைக்குழு அமைத்துக்கொண்டிருந்த ஹாம்ப்டன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: ஆல்டோவை விட்டு டெனருக்கு மாற வேண்டும். ஜக்கெட் மாறினார்.

1942 மே 26ஆம் நாள் டெக்கா நிறுவனத்துக்காக அந்தக் குழு ‘ஃபிளையிங் ஹோம்’ என்ற உருப்படியைப் பதிவு செய்தது. அதில் ஜக்கெட் வாசித்த தனி ஆவர்த்தனம் இசைத்தட்டு விற்பனையைத் தூக்கி நிறுத்தியது. இசை நிகழ்ச்சிகளின் உச்சகட்டம் அதுவாகவே ஆனது. ஒவ்வொரு இரவும் அதை வாசித்துக் கூட்டத்தை எழுப்பியாக வேண்டும். களைத்துப்போன ஜக்கெட் 1943இல் குழுவை விட்டு விலகினார்.

அவர் விலகிய பிறகு நடந்ததைக் கவனியுங்கள். ஜாஸில் தனி ஆவர்த்தனம் என்பது அந்தந்த நேரத்துக் கற்பனை. ஒருவர் வாசித்ததை இன்னொருவர் அப்படியே வாசிப்பது வழக்கமில்லை. ஆனால் ஹாம்ப்டன் குழுவில் ஜக்கெட்டின் இடத்துக்கு வந்த ஆர்னெட் காப் உள்ளிட்டவர்கள் அவருடைய ஆவர்த்தனத்தைக் கிட்டத்தட்ட அப்படியே மனப்பாடம் செய்து வாசித்தார்கள். ரசிகர்கள் அதைத்தான் கேட்டார்கள். கேட்ட கணத்தில் தோன்றியது, எல்லோரும் பாடம் பண்ணும் உருப்படியாக மாறிவிட்டது.

அந்த உருப்படியை இயற்றியவர்கள் பட்டியலில் ஜக்கெட்டின் பெயர் கிடையாது. எழுதிப் பதிவு செய்த மெட்டுக்கு உரிமையாளர் உண்டு. மூச்சைப் பிடித்து மேடையில் படைத்ததற்குக் கிடையாது. காகிதத்தில் ஏறியது மட்டும் படைப்பு, உடம்பிலிருந்து வந்தது வெறும் ‘வாசிப்பு’ என்று சட்டம் பிரித்தது. வாய்மொழியாகவும் கைவழியாகவும் கலை வளர்த்த சமூகங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் நட்டப்பட்டவைதான். பதிப்புரிமை, பெயர் பதிவு, ஊதிய ஒப்பந்தம் ஆகியவற்றை நம் இளைஞர்கள் கலைப் பிரச்சினையாகவும் படிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

4. ‘இது இசையா, சத்தமா?’

1944 ஜூலை 2ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸின் ஃபில்ஹார்மோனிக் அரங்கில் ஒரு ஜாஸ் நிகழ்ச்சி நடந்தது. மேற்கத்திய செவ்வியல் இசைக்கான அரங்கு அது. ஏற்பாடு செய்தவர் நார்மன் கிரான்ஸ் என்ற யூத இளைஞர். எதற்காக நடந்தது என்பது முக்கியம். ‘ஸ்லீப்பி லகூன்’ கொலை வழக்கில் 1943 ஜனவரியில் மெக்சிக்க அமெரிக்க இளைஞர்கள் 17 பேர் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். நிறவெறி தலைவிரித்தாடிய அந்த வழக்கின் மேல்முறையீட்டுக்கு நிதி திரட்டத்தான் அந்த நிகழ்ச்சி. 1944 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனைகளை ரத்து செய்தது.

அந்த நிகழ்ச்சியில் நாட் கிங் கோல், லெஸ் பால், ஜே. ஜே. ஜான்சன் ஆகியோரோடு ஜக்கெட் வாசித்தார். அவருடைய வீறிடலுக்கு இளைஞர் கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. ‘ஜாஸ் அட் தி ஃபில்ஹார்மோனிக்’ என்ற பெயரில் நாடெங்கும் சுற்றிய நிகழ்ச்சித் தொடருக்கு அதுவே தொடக்கம்.

விமர்சகர்கள் பலருக்கு இது பொறுக்கவில்லை. ரசனைக் குறைவு, கூச்சல், கூட்டத்தை வெறியேற்றும் வித்தை என்று எழுதினார்கள். இசைக்குச் சத்தம் என்று பெயர் மாற்றுவது எப்படி நடக்கும், யார் காதுக்கு அது சத்தமாகக் கேட்கும் என்பதை இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜக்கெட்டின் மென்மையான வாசிப்பைக் கேட்டால் அந்த விமர்சனத்தின் பொய் தெரியும். பியானோ கலைஞர் சர் சார்லஸ் தாம்சனோடு சேர்ந்து அவர் இயற்றிய ‘ராபின்ஸ் நெஸ்ட்’, 1940களின் இறுதியில் வந்த ‘பிளாக் வெல்வெட்’ இரண்டும் நிதானமும் நளினமும் நிறைந்தவை. வீறிடுவது அவர் தெரிந்தே எடுத்த முடிவு.

அதே 1944இல் ‘ஜாமின் தி ப்ளூஸ்’ என்ற குறும்படம் வந்தது. புகைப்படக் கலைஞர் ஜோன் மிலி இயக்கினார். லெஸ்டர் யங்கும் ஜக்கெட்டும் அதில் வாசிக்கிறார்கள். வாசித்தவர்களில் ஒரே வெள்ளையர் கிட்டார் கலைஞர் பார்னி கெஸ்ஸல். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக வாசிப்பதைத் திரையில் காட்டினால் தெற்கு மாநிலங்களில் படம் ஓடாது என்ற பயம். கெஸ்ஸலை இருட்டில் நிறுத்தினார்கள். அவர் கைகள் நெருக்கத்தில் தெரியும் இடங்களுக்காகக் கைகளில் பழச்சாற்றைப் பூசி நிறத்தை மறைத்தார்கள். சேர்ந்து வாசிக்கலாம், சேர்ந்திருப்பது கண்ணில் படக்கூடாது. அந்த அழகான படத்துக்குள் இந்த அசிங்கமும் சேர்ந்தே பதிவாகியிருக்கிறது.

5. வீடும் சந்தையும்

பின்னர் ஜக்கெட் கவுண்ட் பேஸியின் குழுவில் சேர்ந்து, 1940களின் பிற்பகுதியில் சொந்தக் குழு தொடங்கினார். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் அடிஸ்லீ பார்க்கில் குடியேறினார். அந்தப் பகுதி வீட்டுப் பத்திரங்களில், கறுப்பருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. அதையும் மீறிக் கறுப்பினக் கலைஞர்கள் அங்கே நுழைந்தார்கள். அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல்தான் தீர்ப்புச் சொன்னது. கவுண்ட் பேஸியும் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் வாழ்ந்த தெருக்கள் அவை. வாடகை வீடு தேடி அலையும்போது பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, கடைசியில் ‘வீடு காலியில்லை’ என்ற பதிலை வாங்கியவர்களுக்கு அந்தக் குடியேற்றத்தின் அருமை புரியும்.

அந்தக் காலத்தில் கறுப்பர் இசைத்தட்டுகளின் விற்பனைப் பட்டியலுக்கு ‘இன இசை’ என்று பெயர். 1949இல் ‘பில்போர்டு’ பத்திரிகை அதை ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று மாற்றியது. அந்த இசையின் அடையாளமே முழங்கும் டெனர் சாக்ஸபோன்தான். பிக் ஜே மெக்நீலி போன்றவர்கள் ஜக்கெட்டின் வழியில் வந்து, தரையில் படுத்துக்கொண்டே ஊதி அரங்கை அதிரவைத்தார்கள். கொஞ்ச காலத்தில் ராக் அண்ட் ரோல் என்ற பெயரில் வெள்ளை இளைஞர்கள் கொண்டாடிய இசையின் வேரில் இந்த ஓசை இருக்கிறது. சந்தை பெருத்தபோது முன்வரிசையில் யார் நின்றார்கள், யார் பெயர் மறைந்தது என்பது தெரிந்த கதை.

6. ஹூஸ்டனில் ஓர் இரவு

இப்போது நாம் தொடங்கிய கேள்விக்கு வருகிறேன்.

1955 அக்டோபர் 7. ‘ஜாஸ் அட் தி ஃபில்ஹார்மோனிக்’ குழு ஹூஸ்டன் மியூசிக் ஹாலுக்கு வருகிறது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், டிஸ்ஸி கில்லெஸ்பி, ஜக்கெட் எல்லோரும் இருக்கிறார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டிருந்தான். ரோசா பார்க்ஸ் பேருந்தில் எழுந்திருக்க மறுத்தது அதற்குப் பிறகு, டிசம்பர் 1ஆம் நாள். இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்தது ஹூஸ்டன் நிகழ்ச்சி.

தான் வளர்ந்த ஊரில் பிரித்து உட்காரவைத்த கூட்டத்துக்கு வாசிக்க ஜக்கெட்டுக்கு மனமில்லை. புகழோடு திரும்பி வந்தும் சொந்த ஊரின் தீண்டாமைக்கு எதிராக ஒன்றும் செய்யாவிட்டால் பிறகு வருந்த வேண்டிவரும் என்ற எண்ணத்தில் இருந்தவர் அவர். கிரான்ஸும் அதே கொள்கை உடையவர். பார்வையாளரைப் பிரிக்கக் கூடாது என்பதை அவர் நிகழ்ச்சி ஒப்பந்தத்திலேயே ஒரு விதியாக வைத்திருந்தார். அன்று கழிவறைகளில் இருந்த ‘வெள்ளையர்’, ‘நீக்ரோ’ பலகைகளைக் கழற்றினார்கள். பக்கத்து இருக்கைக்காரரைப் பிடிக்காதவருக்குப் பணம் திரும்பக் கிடைக்கும், வேறு இருக்கை கிடைக்காது என்று ஏற்பாடு. கூட்டம் கலந்து உட்கார்ந்தது.

மேடைக்குப் பின்னால், ஒப்பனை அறைக்குள் சாதாரண உடையில் போலீஸ்காரர்கள் திடீரென்று நுழைந்தார்கள். ஜக்கெட்டும் கில்லெஸ்பியும் பொழுதுபோக்காகப் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டில் இல்லாத எல்லாவையும் அவருடைய உதவியாளர் ஜார்ஜியானா ஹென்றியையும் சேர்த்துச் சூதாட்ட வழக்குப் போட்டார்கள். போலீஸ்காரர் ஒருவர் கழிவறைப் பக்கம் போவதைப் பார்த்து, போதைப்பொருளை வைத்துவிடுவாரோ என்று கிரான்ஸ் பின்னாலேயே போனார். அவர் வயிற்றில் துப்பாக்கியை வைத்தார்கள். அவரும் கைதானார். ஸ்டேஷனுக்குப் போனபோது பத்திரிகைக்காரர்களும் புகைப்படக்காரர்களும் ஏற்கெனவே அங்கே காத்திருந்தார்கள். கலைஞர்கள் தலைக்குப் பத்து டாலர் கட்டி வெளியே வந்தார்கள். அதே இரவு திரும்பி வந்து இரண்டாவது காட்சியில் வாசித்தார்கள். தொகை சின்னதுதான், கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று கிரான்ஸ் விடவில்லை. அதைப்போலப் பல மடங்கு செலவழித்து வழக்கை எதிர்த்தார். குற்றச்சாட்டு கைவிடப்பட்டது.

இதில் நான் கவனிப்பவை மூன்று. முதலாவது, தாக்குதல் வந்த இடம். மேடையில் கை வைக்க முடியாது, ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள். எனவே ஒப்பனை அறைக்கு வந்தார்கள். சமத்துவத்தைக் குற்றம் என்று சொல்ல முடியாது, எனவே சூதாட்டம் என்றார்கள். கலைஞரின் ஒழுக்கத்தைக் கறைப்படுத்தினால் அவர் எழுப்பிய கேள்வி மறந்துபோகும் என்பது பழைய தந்திரம்.

இரண்டாவது, நல்ல எண்ணத்தோடு நிற்காமல் அதை ஒப்பந்தத்தில் எழுதியது. கழற்றிய பலகை, எழுதிய விதி, மாற்றித் தராத இருக்கை என்று கையால் தொட்டுக் காட்டக்கூடிய செயல்களாக அது இருந்தது.

மூன்றாவது, அந்த ஓர் இரவால் ஹூஸ்டன் மாறிவிடவில்லை. 1960 மார்ச் 4ஆம் நாள் அதே ஊரில் டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர்கள், தங்களுக்கு மறுக்கப்பட்ட உணவு மேசைகளில் போய் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. கலைஞர் ஓர் இரவுக்குத் திறந்து காட்டிய கதவை மாணவர்களும் இயக்கங்களும் நிரந்தரமாகத் திறக்க வேண்டியிருந்தது. கலை இயக்கத்துக்கு மாற்று ஆகாது. ஆனால் கலந்து உட்கார்ந்தால் வானம் இடிந்து விழாது என்பதை ஹூஸ்டன் மக்கள் ஓர் இரவு தங்கள் கண்ணால் பார்த்தார்கள்.

7. பிற்காலம்

ரசனை மாறியது. பெரிய இசைக்குழுக்களின் காலம் போனது. ஜக்கெட் நிற்கவில்லை. மேற்கத்திய செவ்வியல் குழுக்களில் புழங்கும் பசூன் என்ற கடினமான ஊதுகருவியைக் கற்று, அதில் ஜாஸ் பதிவு செய்தார். ஆர்கன் கலைஞர் மில்ட் பக்னரோடு ஐரோப்பா சுற்றினார். 1980களில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரை வருகைதரு கலைஞராக அழைத்தது. மாணவர்களோடு வாசித்த உற்சாகத்தில் மறுபடியும் பெரிய இசைக்குழு ஒன்றை அமைத்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நடத்தினார். 1993இல் கிளிண்டன் அதிபராகப் பதவியேற்ற கொண்டாட்டத்தில் அவரோடு சேர்ந்து சாக்ஸபோன் வாசித்தார். ‘கூச்சல்’ என்று ஒதுக்கப்பட்ட ஓசைக்குப் பல்கலைக்கழகமும் வெள்ளை மாளிகையும் கடைசியில் காது கொடுத்தன. 2004 ஜூலையில் நியூயார்க்கில் காலமாகும்வரை அவர் கருவியைக் கீழே வைக்கவில்லை.

மாணவ நண்பர்களே, பட்டங்களும் அழைப்புகளும் வந்த பிறகு ஒரு கலைஞரைக் கொண்டாடுவது எளிது. ஹார்வர்டு வந்ததால் ஜக்கெட் பெரியவர் ஆகவில்லை. சொந்த ஊரில் கழிவறைப் பலகை கழன்று விழுந்த அந்த இரவில், தன் வருமானத்தையும் நற்பெயரையும் பணயம் வைத்து நின்றாரே, அப்போதே அவர் பெரியவர்.

நம் கலைஞர்களை இன்று எல்லா விழாக்களுக்கும் அழைக்கிறார்கள். போகட்டும், வாசிக்கட்டும், உரிய ஊதியம் வாங்கட்டும். அழைப்பு வரும்போது நாம் சில கேள்விகளைச் சேர்த்தே கேட்போம். நிகழ்ச்சித் தாளில் அவர்கள் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது? பதிவு செய்த ஒலிக்கு உரிமை யாருடையது? சாப்பாடு எங்கே, யாரோடு? அவர்களைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் எந்த வரிசையில் உட்காருவார்கள்? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்கிவிட்டு மேடை ஏறுவோம்.

ஜெய் பீம்.